மலைத் தாத்தா போன வழி
ஏலமலை அடிவாரம் – 4

மதுரையிலிருந்து போடிக்கு இந்த முறை ரயிலில் வந்தேன். இந்தப் பாதைக்கு வயது அதிகம், ஓடிய காலம் குறைவு. 1928-ல் வந்த ரயிலை 1942-ல், உலகப்போர் நேரத்தில் நிறுத்தித் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பப் போட்டார்கள். அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற வண்டி மறுபடி போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது.

எங்கள் மலைத் தாத்தா இந்த ரயிலைப் பார்த்ததே இல்லை. அவர் வராமல் போனது ரயில் வருவதற்கு நாலு வருஷம் முந்தி.

மலைத் தாத்தா என்றால் அப்பாவுடைய தாத்தாவின் தம்பி. படம் கிடையாது. அவர் பெயரைத்தான் பெரியப்பாவுக்கு வைத்தார்கள். மூத்தார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாதே! அதனால் அந்தப் பெயர் வீட்டில் புழங்காமலே போய், மலைத் தாத்தா என்பதே நிலைத்துவிட்டது.

போடியில் இருக்கும் அத்தைக்குத்தான் கதை முழுசாகத் தெரியும். “அண்ணன்கூட ஏதோ பேச்சு. கோவிச்சுக்கிட்டு கொட்டகுடிப் பக்கம் கம்பி வேலைக்குப் போயிட்டாக. பொங்கலுக்குப் பொங்கல் வருவாக. வேட்டி முனையில ஏலக்கா முடிஞ்சு கொண்டாருவாக. அந்தப் பெருமழை வருசத்துல இருந்து வரலப்பா” என்றார்.

பெரியம்மா சொல்லும் கதையில் மேலே ஒரு மலையாளத்துப் பெண்ணோடு குடும்பமாகிவிடுகிறார். இன்னொரு கதையில் மலைக்காய்ச்சல் கொண்டுபோகிறது. முடிவு எதுவானாலும் மூன்று கதையிலும் தாத்தா கோபக்காரர், வீட்டை மறந்தவர். செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில் அவருக்கும் சேர்த்து இலை போடுவார்கள். இலை போடும்போதும் ஒரு குறை சொல்லாமல் விடமாட்டார்கள்.

அத்தை சொன்ன ‘கம்பி வேலை’யைப் பிடித்துக்கொண்டு குரங்கணிக்குப் பஸ் ஏறினேன். கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மா, தென்னைத் தோப்புகளைத் தாண்டி ரோடு மலைக்குள் நுழைகிறது. நேர் மேலே தெரியும் விளிம்புதான் டாப் ஸ்டேஷன். பாதி மலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு குடியிருப்பு. கீழே கொட்டகுடிக்கு அந்தக் காலத்தில் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். ரயில் நிலையம் இல்லாத மலைச்சரிவில் மூன்று ஸ்டேஷன்கள். எல்லாம் கம்பி விட்டுப்போன பெயர்கள்.

மூணாறு தேயிலை கடலுக்குப் போன வழி இது. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி விட்டார்கள். 1908-ல் அதே தடத்தில் சின்ன ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து. மேலே தோட்டத்து ஆட்கள் சாப்பிட அரிசி போனதும் போடிப் பக்கமிருந்துதான். இத்தனைக்கும் பெட்டி இறக்க, மூட்டை ஏற்ற, வண்டி பூட்ட ஆள் வேண்டும். சுற்றுக் கிராமங்களில் மழை பொய்த்தால் கூலி கிடைத்த இடம் மலை ஒன்றுதான். அங்கே போவதற்கு அண்ணனோடு சண்டை போட்டிருக்க வேண்டும் என்றில்லை.

1924 ஜூலையில் அந்தப் பெருமழை வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அது ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’தான். மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. தாத்தா அப்போது கம்பியடியில் இருந்தாரா, மேலே ஏலத்தோட்டத்துக்கு மாறிவிட்டாரா என்பதற்கு வீட்டுக் கதையில் பதில் இல்லை. வேட்டி முனை ஏலக்காயைப் பார்த்தால் தோட்டத்தோடும் தொடர்பு இருந்திருக்கிறது.

குரங்கணியிலிருந்து மேலே நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு கெடுபிடி அதிகம். திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே போடி விழித்துவிட்டது. தலையில் துண்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். அந்த ஜீப்புகளின் பின்னாலேயே என் பஸ்ஸும் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைந்தது. உயரம் ஏறத்தாழ 4,500 அடி. தாண்டினால் கேரளம். தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம்.

எல்லை தாண்டி ஒரு தோட்டத்தில் காய் எடுப்பதைப் பார்க்க விட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடி காய்ப்பதென்னவோ தரையை ஒட்டித்தான். அடியிலிருந்து கிளம்பும் சரங்கள் மண்ணில் படர்ந்து கிடக்க, பெண்கள் குத்தவைத்து, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ளுகிறார்கள். ஒரு செடிக்குத் திரும்பி வர நாற்பது, நாற்பத்தைந்து நாள். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ சரக்கு. அது போடி ஏல மையத்துக்கோ புற்றடிக்கோ போகும். பச்சை நிறம் மங்கினால் விலையும் இறங்கும்.

மலைத் தாத்தா கதையைச் சொன்னேன். ஒரு அக்கா கை வேலையை நிறுத்தாமலே, “எங்க பாட்டிகூட மேலேறுனா ஆறு மாசம் ஊருக்கு வர மாட்டாகளாம். ரோடு ஏது, ஜீப் ஏது? அதுக்காக எங்க தாத்தாவ மறந்துட்டாகன்னு சொல்ல முடியுமா?” என்றார்.

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவரைப் பாசமில்லாதவர் என்றோம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இறங்க முடிந்திருக்குமோ என்று யோசிக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மழையிலோ காய்ச்சலிலோ செத்திருந்தால், அது வேறொரு ராஜாங்கத்துக் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளின் சாவைக் காடு தாண்டி வந்து சொல்ல யார் இருந்தார்கள்? தகவல் வராத இடத்தில் கோபத்தை வைத்து அடைத்துக்கொண்டோம். சொந்த மனிதர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதைவிட, கோவித்துக்கொண்டு எங்கோ இருக்கிறார் என்பது பெற்றவளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். அப்படியானால் அந்தப் பழி, மகன் சாகவில்லை என்று நம்ப ஒரு தாய் கொடுத்த விலை. அவள் போன பிறகும் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்குக் காரணமில்லை.

சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. நான் இறங்கவில்லை. பூப்பாறை வழியாக மூணாறுக்குப் பஸ் இருந்தது. குரங்கணியிலிருந்து அண்ணாந்து பார்த்த டாப் ஸ்டேஷனுக்கு மேல்வழியாகப் போய்ச் சேரலாம்.

(அடுத்த இதழில்: டாப் ஸ்டேஷன்)