குளிரில் பிறப்பவை

அப்பா மறைந்தபின் இரண்டாண்டுகள் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்ட நண்பர்களிடம், உள்ளே அனல் அணைந்துவிட்டது என்று சொல்லி வந்தேன். படைப்பு என்பது கொதிநிலையில் நிகழ்வது என்பதில் எனக்கு அதுவரை ஐயம் இருந்ததில்லை. அந்த எண்ணத்தைக் கலைத்தது எந்த இலக்கியமும் அல்ல. ஒரு ரேடியோ கேலக்ஸி.

ஹைட்ரா விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கிறது அந்தச் சிலந்திவலை கேலக்ஸி. அதன் ஒளி நம்மை வந்தடைய ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவே ஒரு பெருங்கருந்துளை. அதைச் சுற்றிலும் பொருளை விழுங்கியும் உமிழ்ந்தும் நடக்கும் ஆர்ப்பாட்டம். ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு 2012இல் கணக்கிட்டபோது, அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 சூரியன்களின் எடைக்கு விண்மீன்கள் உருவானதாகத் தெரிந்தது. நம் பால்வீதியில் அது ஓரிரு சூரியன்களே.

இத்தனை பிறப்புக்கும் மூலப்பொருள் எங்கிருந்தது? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளால் ஆராய்ந்த எமோன்ட்ஸ் குழுவினர் 2016இல் விடை சொன்னார்கள். கேலக்ஸியைச் சூழ்ந்து மாபெரும் வாயு மேகம் ஒன்று இருக்கிறது. எடை, சுமார் பத்தாயிரம் கோடி சூரியன்கள். வெப்பநிலை, ஏறக்குறைய மைனஸ் 200 டிகிரி.

வாசித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். யோசித்தால் எளிய இயற்பியல்தான். சூடான வாயு விரியத் துடிக்கும். தன் ஈர்ப்புக்கு அடங்காது. குளிர்ந்தால்தான் தன் எடையால் தானே சுருங்கி விண்மீனாகும். அந்த வாயுவைக் காட்டிக்கொடுத்ததும் கார்பன் மோனாக்சைடு. கார்பனும் ஆக்சிஜனும் ஆதியில் இருந்தவையல்ல. முன்பு வாழ்ந்து மடிந்த விண்மீன்கள் சமைத்துவிட்டுப் போனவை. அந்தக் குளிர்மேகம் வெறுமையல்ல, முன்னோரின் சாம்பல்.

இத்தகைய கேலக்ஸிகளில் பிற்காலத்தில் விண்மீன் பிறப்பு ஓய்ந்துபோவதற்கும் வெப்பமே காரணம் என்கிறார்கள். கருந்துளையின் சீற்றம் வாயுவைச் சூடேற்றிக் குளிரவிடாமல் செய்துவிடுகிறது.

இதை என் துயரத்துக்கு ஆறுதலாக வளைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. விண்மீன்களுக்கு நம்மைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. ஆனால் அன்றிரவு அப்பாவின் பழைய கணக்கு நோட்டை எடுத்து, அவர் நிறுத்திய இடத்துக்குக் கீழே நான்கு வரிகள் எழுதினேன். நன்றாக வரவில்லை. கிழிக்கவும் இல்லை.