தீர்ப்புக்கு முன் வரும் தண்டனை

ஜூலை 1, 2024

இன்று முதல் நமது தேசத்தின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் பெயர் மாறி அமலுக்கு வந்திருக்கின்றன. 1862-ஆம் ஆண்டின் முதல் நாள் தொட்டு நீதி ஸ்தலங்களில் ஆட்சி புரிந்துவந்த இந்திய தண்டனைச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் விட்டு விலகிவிட்டது. நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அவ்வாறே விலகின. ஆயினும் நேற்று வரை நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துமாதலால், சேப்பாக்கம் வளாகத்தில் குற்றவியல் பயிலும் நாங்கள் இரண்டையும் கற்றே தீர வேண்டும். கொலைக்கு 302 என்று பாமரரும் அறிந்திருந்த எண் இனி 103; மோசடிக்குப் பெயராகவே நிலைத்துவிட்ட 420 இனி 318.

எண்களையெல்லாம் எழுதி முடித்த பின்னர், எந்தச் சட்டம் வந்தாலும் மாறாத சூத்திரம் ஒன்றுண்டு என்று பேராசிரியர் நினைவூட்டினார்: குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே. இந்தச் சூத்திரம் எங்கே காக்கப்படுகிறது, எங்கே காற்றில் விடப்படுகிறது என்று ஆராய்வதே இப்படிப்பின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 18

குற்றவியலின் சரித்திரத்தை இன்று தொடங்கினோம். இத்தாலிய வைத்தியர் செசாரே லொம்ப்ரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளிகளில் ஒரு சாரார் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றும், மண்டையோடு, தாடை, காது ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டே அவர்களைக் கண்டறியலாம் என்றும் வாதித்தார். விஞ்ஞானத்தின் பெயரால் எழுந்த இந்தச் சித்தாந்தம் பிற்காலத்தில் தகர்ந்துபோயிற்று. ஆனால் அந்நூல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1871-இல், பிரிட்டிஷ் அரசாங்கம் நமது நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றி, சமூகம் சமூகமாக மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பிரகடனம் செய்துவிட்டது.

1911-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அச்சட்டம் சென்னை மாகாணத்திலும் பரவியது. எந்தத் திருட்டிலும் சம்பந்தப்படாத உழவனும் தன் விரல் ரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்துக்குக் கட்டுப்பட்டு, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கி வாழ வேண்டியதாயிற்று. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை பதிய மறுத்து நின்ற பிறமலைக் கள்ளர்கள்மீது போலீஸார் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடெங்கும் 1952-லும் அச்சட்டம் ரத்தாயிற்று. அது அமலில் இருந்தவரை விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பும் இல்லை. பிறப்பே குற்றச்சாட்டாகவும் பிறப்பே ருசுவாகவும் கொள்ளப்பட்ட அந்த அநியாயத்தை நினைக்கையில், நாங்கள் பயிலும் சாஸ்திரம் எத்தனை பெரிய பொறுப்பைச் சுமந்து நிற்கிறது என்பது விளங்குகிறது.

ஆகஸ்ட் 9

களப்பயிற்சிக்காக ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தோம். காவல் நீட்டிப்புக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடப்பட, ஒவ்வொருவர் விதியும் சில நிமிஷங்களில் அடுத்த பதினைந்து நாட்களுக்கு நிர்ணயமாயிற்று.

தாழ்வாரத்தில் மஞ்சள் பையுடன் ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஜூன் மாதத்தில் சைக்கிள் திருட்டு வழக்கில் கைதான அவருடைய மகனுக்கு ஜாமீன் உத்தரவு கிடைத்து நாட்கள் பல ஆகியும், ஜாமீன்தார் இருவர் அமையாததால் அவன் இன்னும் சிறையிலேயே இருக்கிறான். பையிலிருந்து ரேஷன் கார்டையும், மடித்து மடித்துக் கிழிந்த வீட்டு வரி ரசீது ஒன்றையும் எடுத்து வக்கீல் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"ரசீது வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரையே ஒரு நாள் கூட்டிட்டு வாங்கம்மா."

"கோர்ட்டுன்னு சொன்னதுமே வரமாட்டேன்னுட்டாரு, சார்."

குமாஸ்தாவும் இரக்கமற்றவர் அல்லர். அவர் கையில் வேறு வழி இல்லை. இந்த அவலம் புதிதும் அல்ல. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் வழங்கியும், கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, சகோதரன் தர முன்வந்த ஜாமீனையும் அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருப்பதைக் காட்டி நிராகரித்தது. அதைக் கண்டித்து நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் எங்கே போய் ஜாமீன்தாரைத் தேடுவார் என்று கேட்டிருக்கிறார். சொந்த ஊரிலேயே ஜாமீன்தார் கிட்டாத ஒரு தாயை இன்று கண்டேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலிடம் எங்கள் பேராசிரியர் அவரை அழைத்துச் சென்று, ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தும்படி மனு எழுத ஏற்பாடு செய்தார்.

ஆகஸ்ட் 24

விசாரணைக் கைதிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் நேற்றுப் பிறப்பித்த உத்தரவைப் பத்திரிகைகளில் வாசித்தேன். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீனில் விடப்பட வேண்டும் என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, ஜூலைக்கு முந்திய வழக்குகளுக்கும் பொருந்துமாம். மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை.

வரவேற்க வேண்டிய உத்தரவுதான். 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களே. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தங்கள் குற்றத்துக்குரிய முழுத் தண்டனையையும் மிஞ்சிய காலத்தைப் பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றியே கழித்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்த பின்னும் நிலைமை இதுவென்றால், சட்டம் எழுதப்படுவதற்கும் ஏழையின் கைக்கு எட்டுவதற்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்பதை உணரலாம். திருட்டுக்கு உச்சபட்ச தண்டனை மூன்றாண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு முழுதாக ஓராண்டு. ஜாமீன் கிடைத்தும் வெளிவர இயலாத அந்த இளைஞனுக்கு ஜாமீன்தாரை இந்தப் பிரிவு தேடித் தரப்போவதில்லை.

அன்று பிறப்பைக் காரணமாக்கித் தீர்ப்பின்றித் தண்டித்தார்கள். இன்று வறுமை அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஆகையால் ஜாமீன் உத்தரவு பெற்றும் சிறைவாசலைக் கடக்க முடியாதவர்களைப் பற்றியே என் ஆய்வேட்டை எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வித்தையை எத்தனையோ பேர் கற்கிறார்கள். நிரபராதியாகக் கருதப்பட வேண்டியவனை அவ்வாறே நடத்துவதற்கான வழியைக் கற்பதும், கற்றதை நீதிமன்றத் தாழ்வாரம் வரை கொண்டுசேர்ப்பதும் இப்படிப்பின் முதற் கடமையென்று நான் உறுதியாக நம்புகிறேன்.