பேசினவர்

டொராண்டோவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் வருடம். சாட்சி சொல்ல வந்திருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மருமகன் மீது வழக்கு. (மற்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொழில் தர்மம்.) அன்று இரவு என்ன நடந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். "அவர் என்னைப் பேசினவர்" என்றார் அம்மா. நான் இண்டூர்க்காரி. எங்கள் ஊரில் பேசுவது என்றால் பேசுவதுதான். அவர் தன்னிடம் பேசியதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

எதைப் பற்றிப் பேசினார் என்று அடுத்த கேள்வி வந்தது. அதைத் தமிழில் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எதைப் பற்றியோ? தூசணத்தாலதான், பிள்ளை!"

அப்போதுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்தில் கதைப்பதுதான் நம்முடைய பேசுவது. அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நீதிபதியிடம் அனுமதி கேட்டுத் திருத்தினேன். கைகள் நடுங்கின. கெட்ட வார்த்தையால் திட்டியவனை, அமைதியாக உரையாடியவனாக ஒரு நிமிடம் பதிவேட்டில் நிறுத்தியிருந்தேன்.

பயிற்சி வகுப்பில் ட்ரான் வழக்கைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கனடா உரிமைப் பட்டயத்தின் 14-ஆம் பிரிவு, வழக்கின் மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது. வியட்நாமியர் ஒருவரின் வழக்கில் மொழிபெயர்ப்பாளரே சாட்சியாகவும் நின்றார். தன் சாட்சியத்தை அவருக்கு வரிக்கு வரி சொல்லாமல் சுருக்கிச் சொல்லிவிட்டார். 1994-ல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. சுருக்கினால் எவ்வளவு நஷ்டம் என்று அந்த மனிதர் நிரூபிக்கத் தேவையில்லை, அவருக்கு விளங்காமல் விசாரணை நடந்ததே போதும் என்பது தீர்ப்பின் சாரம். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் டிரங்குப் பெட்டி.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது இண்டூர். அப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் மானாவாரி, அதில் ஒரு வரப்புத் தகராறு. வாய்தா வாய்தா என்று தருமபுரிக்கு பஸ் ஏறியே அவர் செருப்பு தேய்ந்தது. கீழ்க்கோர்ட்டில் தமிழில் நடந்ததாவது காதில் விழுந்தது. இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். தீர்ப்பு வந்தபோது வக்கீல் குமாஸ்தா சொன்னது ஒரே வரி: "தோத்துட்டோம், கவுண்டரே." பதினோரு பக்கத்துக்கு ஒரு வரி. அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பா என்னிடம், "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்ற அளவுக்கு நீ படி, கண்ணு" என்றார். நான் சட்டம் படித்ததற்கு வேறு லட்சியக் காரணம் எதுவும் கிடையாது.

அப்போது எங்கள் மாவட்டத்தில் சட்டக் கல்லூரி இல்லை. அரசு சட்டக் கல்லூரி தருமபுரிக்கு வந்தது 2017-ல். நான் வெளியூர் போனேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் பின்வரிசையில்தான் உட்காருவோம். எழுந்து பதில் சொன்னால் ஆசிரியர் ஒருவர் என் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார், வகுப்பு சிரிக்கும். பிறகு மூன்று வருடம் நான் அங்கே எதற்கும் பதில் சொல்லவில்லை.

கனடாவுக்கு வந்ததும் இங்கே வக்கீலாகலாம் என்று விசாரித்தேன். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடுவார்கள், தேர்வுகள் எழுத வேண்டும், பிறகு பயிற்சிக் காலம். கைக்குழந்தையும் வாடகையும் இருந்ததால், மாகாண அரசின் மொழிபெயர்ப்பாளர் தேர்வை எழுதினேன். தற்காலிகம் என்று நினைத்ததுதான், பதினேழு வருடமாகிவிட்டது.

இந்த நாட்டில் பன்மைத்துவம் என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கலாம். இதே நாடுதான் 1927 முதல் 1951 வரை, நில உரிமை கோரி வழக்கு நடத்தப் பூர்வகுடிகள் வக்கீல் கட்டணத்துக்குப் பணம் திரட்டுவதையே, அரசின் அனுமதி இல்லாவிட்டால் குற்றம் என்று வைத்திருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு வெள்ளையரல்லாத முதல் நீதிபதியாக மஹ்மூத் ஜமால் வந்தது 2021-ல். அடுத்த வருடம் மிஷெல் ஓபான்சவின், முதல் பூர்வகுடி நீதிபதி. ஒன்டாரியோவின் வழக்கறிஞர் சங்கம், சமத்துவத்தை வளர்க்கும் கடமை தனக்குண்டு என ஒவ்வொரு வக்கீலும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதை எதிர்த்தே ஓர் அணி சங்கத் தேர்தலில் ஜெயித்து வந்து, 2019-ல் விதி நீக்கப்பட்டது. எழுதி வாங்கிய கையெழுத்தால் யார் மனசும் மாறியிருக்கும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் ஒரு காகிதத்துக்கே அவ்வளவு கோபம் வந்ததை மறக்கவும் முடியவில்லை.

போன வருடம் ஒரு விசாரணை அறை. என்னோடு உள்ளே வந்தவர் ஸ்கார்பரோவில் வளர்ந்த தமிழ்ப் பெண், வக்கீல். காவலர் அவரைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றார். அவர் என்னைக் காட்டி, "மொழிபெயர்ப்பாளர் இவங்க" என்று சிரித்தார். மதிய இடைவேளையில் வாசலில் காப்பியோடு நின்றபோது அந்தச் சிரிப்பு இல்லை. "இந்த மாசம் மூணாவது தடவை, அக்கா."

முகங்கள் முக்கியம். எங்கள் பக்கத்திலும் வரதராஜன் இருந்தார். பழைய வடாற்காடு மாவட்டத்துத் தலித் குடும்பத்தில் பிறந்து 1980-ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போனார், அந்தச் சமூகத்திலிருந்து முதல் ஆள். 2024-ல் ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில், பிள்ளை பெற்ற சில நாளிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி சிவில் நீதிபதியாகத் தேர்வானதைப் படித்தேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமையும் அவருக்கு உதவியது. அந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். மலையாளி என்ற சொல் கண்ணில் பட்டதும் வேறொன்றும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது.

1992 ஜூன் 20. எனக்குப் பன்னிரண்டு வயது. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடி வனத்துறையும் போலீசும் போயின, வருவாய்த் துறை ஆட்களும் உடன் போனார்கள். இண்டூர் டீக்கடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டது, "கட்டை கடத்தினவனுங்க, மாட்டிக்கிட்டானுங்க." அந்த மலையாளிச் சனங்கள் சொன்னதைக் கேட்க அன்றைக்கு எங்கள் ஊரிலேயே ஆளில்லை, கோர்ட்டை ஏன் சொல்ல வேண்டும். அப்படிப் போனவர்களால் பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதை வெளியே கொண்டுவந்தது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். 1995-ல் விசாரணை சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். பத்தொன்பது வருட வாய்தா.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். அந்த வருடம், அதே செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார், அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு என்றார்.

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தேன்.

"ஜட்ஜு அந்த ஊருக்கே போனாராமே?"

"போனாருப்பா."

"அந்தப் பொம்பளைங்ககிட்ட விசாரிச்சாரா?"

"விசாரிச்சாரு."

"தீர்ப்பு?"

"இங்கிலீசுலதான்." உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டதையும் அது நிறைவேறாமல் கிடப்பதையும் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை.

"உன்கிட்ட அந்தத் தாளு இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. ரொம்பப் பக்கம்பா. முக்கியமானதை மட்டும் சொல்லட்டுமா?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போடுகிற ஓசை கேட்டது.

"சுருக்காத கண்ணு. மொதல்ல இருந்து சொல்லு."