நாலு வாஷர்

அப்பாவின் வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், "ரேடியேட்டர் தண்ணி பட்டுருச்சு" என்று முடித்துவிடுவார். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் கதைக்குள் நான் வந்துவிடுவேன். இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்களுடையது பழைய டீசல் ஜீப். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு மளிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவது, திரும்பும்போது வாழைத்தாரோ பலாவோ மிளகோ இறக்கிக்கொண்டு வருவது. இதுதான் அப்பாவின் தொழில். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு ஏறும்போது பாதி தூரம் இரண்டாவது கியர்தான். 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பெரிய விஷயம்.

அந்த ஜீப்பின் பானட் முழுசாக மூடி நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிப் பக்கம் இருக்கும் கீல்களுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, பின்பக்கத்தை ஒரு இன்ச் தூக்கி வைத்திருந்தார்கள். சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் மாமாவின் வேலை அது. கீலுக்கு ரெண்டு, மொத்தம் நாலு கனமான வாஷர். வண்டி நின்றால் அந்த இடுக்கு வழியாக அனல் வருவது கண்ணாடிக்குள்ளிருந்தே தெரியும். எதிரில் இருக்கும் மரமெல்லாம் நெளியும்.

2007இல் நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. திரவ இயக்கவியல் பேப்பரை அப்போதுதான் முடித்திருந்தேன். நல்ல மார்க் வேறு. கோடை லீவுக்கு வந்தவன் ஜீப்பைப் பார்த்ததும், இது தப்பு என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். ஓடுகிற வண்டியின் முன்கண்ணாடி ஒரு சுவர் மாதிரி. காற்று வந்து அதன் அடியில் முட்டித் தேங்கும். தேங்கும் இடத்தில் அழுத்தம் கூடும். அந்த இடத்தில் திறந்து வைத்தால் சூடு வெளியே போகாது, வெளிக்காற்றுதான் எஞ்சினுக்குள் நுழையும். அப்படி நுழைந்தால் ரேடியேட்டர் வழியாக முன்னாலிருந்து வரும் காற்றுக்குப் போக இடமிருக்காது. சூட்டை வெளியே விட வேண்டுமென்றால் பானட்டின் முன்பாதியில் வெட்ட வேண்டும், அங்கேதான் அழுத்தம் குறைவு.

இதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. இன்றைக்கு எழுதினாலும் அதே மார்க் கிடைக்கும்.

மாமா பீடியைக் கீழே போட்டுவிட்டு, "மலைல போனாத் தெரியும் மாப்ள" என்றார். அவ்வளவுதான். வாதம் பண்ணவில்லை. அப்பாதான், "படிக்கிற பையன் சொல்றான், கழட்டிரு" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. மாமா வாஷர்களைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். முன்னால் வெட்டுவதை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பழைய வழியை அடைத்துவிட்டு, புது வழியைத் திறக்காமல் கிளம்பினோம்.

நாற்பது வளைவு தாண்டியதும் முள் ஏற ஆரம்பித்தது. அடுத்த திருப்பத்தில் பானட்டின் ஓரமாக ஆவி. அப்பா ஓரங்கட்டினார். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அப்பா சக்கரத்துக்குக் கல் கொடுக்கப் போன நேரத்தில், நான் பானட்டைத் தூக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி இறுக்கமாக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது, திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். இதையும் படித்திருந்தேன். பதற்றத்தில் கைக்கு அது நினைவில் இல்லை. அப்பா ஓடி வந்து என்னைப் பிடித்துத் தள்ளினார். மூடி பாதி திரும்பியிருந்தது. சீறிய தண்ணீர் அவர் கையில் விழுந்தது.

அந்தப் பஸ் டிரைவர்தான் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கையில் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ சாப்டியா?" என்று கேட்டார். ரேடியேட்டரில் உப்பு படிந்திருந்தது, பெல்ட்டும் தளர்ந்திருந்தது, அதனால்தான் கொதித்தது என்று மாமா பிறகு சொன்னார். உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். வாஷர்கள் மறுபடி கீலுக்கு அடியில் போயின. நான் ஜீப்பைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். படிப்பை முடித்து சாஃப்ட்வேருக்குப் போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் பொய். ஆனால் வேலை கிடைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பல வருஷம் கழித்து, ஆபீஸில் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று முட்டுவதால் வரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதிகபட்சம் 170 பாஸ்கல் பக்கம் வரும். 15 கிலோமீட்டரில் வெறும் 10 பாஸ்கல். வேகம் கால்வாசி ஆனால் அழுத்தம் பதினாறில் ஒரு பங்கு. அதாவது மலையேறும்போது நான் படம் போட்டுக் காட்டிய சுவரே கிடையாது. அங்கே காற்றைத் தள்ளுவது பெல்ட்டில் சுற்றும் ஃபேன் மட்டும்தான். ஃபேன் உள்ளே தள்ளும் காற்றுக்கு வெளியே போக ஏதாவது ஒரு வழி வேண்டும். சூடான காற்று தானாகவும் மேலே ஏறும். இருப்பதிலேயே உயரமான இடத்தில் மாமா ஒரு இன்ச் திறந்து வைத்திருந்தார். நான் எழுதிய விடை சரி. மாமாவின் கேள்விக்கு அது விடை இல்லை.

போன வருஷம் அப்பா போன் பண்ணினார். வியாபாரத்தை விட்டு நாலு வருஷம் ஆகிறது, ஜீப்பை விடவில்லை. இப்போது அதில் சேலம் போய் வருகிறார். "மலைல முள்ளு ஏற மாட்டேங்குது கண்ணு. நாலு வழி ரோட்டுல அறுபதுல போனா ஏறுது. நீ அப்ப ஒண்ணு சொன்னியே, கண்ணாடிக்கு அடில காத்து முட்டும்னு. அது என்ன?"

பதினேழு வருஷம். அவர் மறக்கவே இல்லை.

ஊருக்குப் போனேன். இந்த முறை படம் போடவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்றை வாங்கி, மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றினேன். ஒரு முனை எஞ்சின் அறைக்குள், மறுமுனை கண்ணாடிக்கு அடியில், இரண்டும் டேப் போட்டு ஒட்டியது. நடுப்பகுதியை ஜீப்புக்குள் கொண்டுவந்து 'ப' எழுத்து மாதிரி ஒரு பலகையில் கட்டினேன். ஊருக்குள் மெதுவாகப் போனபோது இரண்டு பக்கமும் ஒரே மட்டம். பைபாஸில் 60 தொட்டதும் எஞ்சின் பக்கத் தண்ணீர் மேலே ஏறியது. வெளியே அழுத்தம் கூடுதல், காற்று உள்ளேதான் வருகிறது. நிறுத்தி, வெளிமுனையை கிரில்லுக்கு ஒரு அடி பின்னால் பானட்டின் மேல் ஒட்டிவிட்டு அதே வேகத்தில் போனோம். தண்ணீர் இப்போது மறுபக்கம் ஏறியது. வித்தியாசம் அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்த அரை சென்டிமீட்டரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை அவரே எனக்கு விளக்கினார்.

சொந்த பானட்டை வெட்ட அப்பாவுக்கு மனசு வரவில்லை. பழைய இரும்புக் கடையில் இன்னொன்றைப் பிடித்தோம். மாமா இப்போது இல்லை. அவர் மகன்தான் பட்டறையைப் பார்க்கிறான். முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை வெட்டி, மீன் செவுள் மாதிரி பின்னோக்கித் திறக்கும்படி தகட்டை நெளித்தான். 1930களின் கார்களில் பானட்டின் பக்கவாட்டில் இப்படித்தான் இருக்கும். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பானட்டின் மேலேயே உண்டு. புதுசாக நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மழைத் தண்ணீர் நேராக எஞ்சின் மேல் விழாமல் இருக்க அடியில் ஒரு சின்னத் தகடு. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளையும் ரப்பர் பட்டையால் அடைத்தோம். இல்லாவிட்டால் வெந்த காற்றே சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். கடைசியாக வாஷர்களைக் கழற்றினோம்.

பைபாஸில் முள் நடுவில் நின்றது. மறுநாள் மலைக்குப் போனோம். பின்னால் நாலு மூட்டை சிமெண்ட், அப்பாவின் யோசனை. "சும்மா ஏறிப் பாத்தா அது டெஸ்டா?" நாற்பது வளைவு தாண்டியதும் நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷர் இருந்த காலத்தைவிட ஒரு கோடு மேலே போய் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

பழைய இடத்தில் அப்பா வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை உடனே அணைக்கவில்லை. இறங்கி வந்து, வெட்டிய வரிகளுக்கு மேல் வலது கையை நீட்டினார். அனல் மேலே வந்துகொண்டிருந்தது. "இங்க வை" என்றார். நானும் வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

"ஒரு கோடு கூடத்தான் இருக்குதுப்பா" என்றேன்.

"மே மாசம் பாக்கலாம்" என்றார். பிறகு டேஷ்போர்டைத் திறந்து, ஒரு துணியில் சுற்றிய நாலு வாஷர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.