பாண்டியன் குதிரையும் தாத்தாவின் பசுவும்



அக்டோபர் மாதம் பிறந்துவிட்டாலே என் மனத்தில் ஒரு காகிதம் படபடக்கத் தொடங்கிவிடும். நான்காக மடிக்கப்பட்ட ஒரு வெள்ளைத் தாள். அதைப் பற்றி எழுத வேண்டும் எனப் பலமுறை எண்ணியதுண்டு. பலமுறை தள்ளிப் போட்டதும் உண்டு. இன்று எழுதிவிடுகிறேன்.

சபாக் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடக்கே பெர்ணம் ஆறு, மேற்கே கடல், இடையில் செம்பனையும் தென்னையும் வாய்க்கால்களும். தாழ்ந்த நிலம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் லயத்து வாசல் வரை சேறுதான். அந்தச் சேற்றிலும் நம் மக்கள் மாடு வளர்த்தார்கள். தோட்டத்துச் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகிவிட, பிள்ளைகளின் புத்தகத்துக்கும் காலணிக்கும் பால் காசு கைகொடுத்த வீடுகள் பல.

பல ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அத்தகைய வீட்டுப் பிள்ளை. அவனை வளர்த்தவர் அவனுடைய தாத்தா. வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் நான்கு மாடுகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைத்தவர். மலாய் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது.

ஒருநாள் காலை அந்த மாணவன் என் மேசைக்கு வந்து, மடித்த தாளை நீட்டினான்.

“ஐயா, தாத்தா குடுத்தாரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மேசை நிறையக் கேள்வித்தாள்கள். தாளை விரித்துக்கூடப் பார்க்காமல், “மத்தியானம் சொல்றேன்பா” என்று கூறி, பாடக் குறிப்பேட்டினுள் செருகி வைத்தேன். மத்தியானம் மறந்தேன். மறுநாளும் மறந்தேன். அவனும் மீண்டும் கேட்கவில்லை. ஆசிரியரை இருமுறை கேட்பது மரியாதை ஆகாது என்று நாம்தானே கற்றுக்கொடுத்திருக்கிறோம்!

மூன்று வாரங்கள் சென்றன. நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஒரு திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தான். விசாரித்தபோது, தங்கள் செவலைப் பசு செத்துவிட்டதாகச் சொன்னான். சனிக்கிழமை இரவு அது தீவனம் எடுக்கவில்லை. உடம்பு கொதித்தது. வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஞாயிறு காலையில் தொண்டையும் கழுத்தும் வீங்கி, மூச்சுவிடக் கர்கர்ரென்று சத்தம் வந்தது. தாத்தா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். அன்று இரவே பசு சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை கால்நடை அதிகாரி வந்து பார்த்து, எஞ்சியிருந்த மாடுகளுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டைத் திறந்தேன். தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. மழைக்காலத்துக்கு முன் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்படும், இன்ன நாளில் இன்ன இடத்துக்கு மாடுகளைக் கொண்டுவர வேண்டும் என்பதே அதிலிருந்த செய்தி. அந்த நாள் கடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மீண்டும் மடித்து உள்ளேயே வைத்தேன். என் கோழைத்தனத்தை மறைக்க விரும்பாததால் இதையும் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மரபுத்தொடர் பாடம். ‘குதிரைக் கொம்பு’ என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுவதற்காக, குதிரையே கிடைத்தற்கு அரியதாக இருந்த பாண்டிய நாட்டின் கதையையும் சொன்னேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஏறத்தாழ 1292 ஆம் ஆண்டில் அந்தக் கரைகளைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்றும் குறித்திருக்கிறார்.

குதிரைகள் ஏன் இறந்தன? வறண்ட நாட்டில் பிறந்த விலங்கு அது. நம்மைப்போல் வியர்த்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுபோவதை இன்றைய மருத்துவர்கள் அறிவார்கள். அங்கோ சோற்றை வேகவைத்து இறைச்சி கலந்து ஊட்டினார்கள் என்கிறார் போலோ. நெய்யில் வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, ஓய்வின்றி ஓட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். குதிரை புல் தின்னப் பிறந்தது. அதனால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாத தீனி உள்ளே போனால் வயிற்று வலியிலேயே மாண்டுபோகும். பிழைத்தாலும் குளம்பினுள் அழற்சி கண்டு நொண்டியாகிவிடும்.

அறியாமையைவிடக் கொடிய செய்தி ஒன்றையும் போலோ சொல்லியிருக்கிறார். குதிரை விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களைத் தங்களோடு அழைத்துவரவில்லை. வேறு யாரும் அங்கே போவதற்கும் விடவில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்!

இந்த இடத்தில் அந்த மாணவன் எழுந்து நின்றான்.

“ஐயா, தெரிஞ்சவங்க ஏன் சொல்லாம விட்டாங்க?”

என்னைக் குத்திக்காட்ட அவன் கேட்கவில்லை. தாளில் என்ன இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு அடுத்த சொல் வரவில்லை. ‘வணிகர்கள் காசுக்காகச் சொல்லவில்லை, நான் எதற்காகச் சொல்லவில்லை?’ என்ற கேள்வி தொண்டையை அடைத்தது.

அன்று மாலை தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். தாத்தா வெகுநேரம் பேசவில்லை. தாயை இழந்த கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“போனது போச்சு வாத்தியாரே. இனிமே காகிதம் வந்தா அன்னிக்கே படிச்சுச் சொல்லிடுங்க.”

‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று இன்று தோன்றுகிறது.

அடுத்த ஆண்டிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வரும் மலாய் அறிவிப்பு எதுவாயினும் மாணவர்கள் கொண்டுவரலாம். வகுப்பில் அதை வாசிப்போம். அருஞ்சொற்களுக்குப் பொருள் காண்போம். அன்று மாலையே வீட்டில் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மறுநாள் “சொன்னேன் ஐயா” என்று என்னிடம் தெரிவிக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த பாடநூலை நான் கண்டதில்லை. ஆசிரிய நண்பர்கள் முயன்று பாருங்கள்.

மாடு வளர்க்கும் பெற்றோர்களுக்கு, அந்நாள் முதல் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்த சிலவற்றை இங்கே தருகிறேன்.

செவலையைக் கொன்றது தொண்டை அடைப்பான். மழைக்காலத்தில் மாட்டையும் எருமையையும் தாக்கும் பாக்டீரியா நோய் இது. கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகல், தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வீக்கம் கண்டபின் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் பயன் தராது. மழைக்கு முன் போடும் தடுப்பூசியே காப்பு.

வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்டால் அது கோமாரியாக இருக்கலாம். உடலெங்கும் கட்டி கட்டியாகத் தடித்தால் அது தோல் கட்டி நோயாக இருக்கலாம். நம் நாட்டில் 2021 ஆம் ஆண்டு பரவிய நோய் அது. இரண்டுக்கும் தடுப்பூசிகள் உண்டு. நோயுற்ற மாட்டை உடனே தனியே கட்டி, மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மறைத்து விற்றுவிடாதீர்கள். அது நோயை அடுத்தவர் கொட்டகைக்கு அனுப்புவதாகும்.

கொட்டகைத் தரையை மேடாக்கி உலர்வாக வைத்திருங்கள். சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். வறண்ட நாள்களுக்குப்பின் மழையில் துளிர்த்த இளம்புல்லைப் பசித்த வயிற்றோடு மேயவிட்டால் வயிறு உப்பிவிடும். சிறிது காய்ந்த தீவனம் கொடுத்தபின் அவிழ்த்துவிடுங்கள். களைக்கொல்லி தெளித்த செம்பனை வரிசைகளில் மேய்க்காதீர்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால், செம்மறி ஆட்டுக்கு அதையே நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் அதிலுள்ள செம்புச்சத்து ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும்.

குதிரை வளர்ப்போர் நம் வட்டாரத்தில் அரிது. இருப்போருக்கும் இரண்டு சொல். மழைநாளில் தினமும் குளம்பைச் சுரண்டித் தூய்மை செய்யுங்கள். கடிக்கும் ஈக்களை விரட்டுங்கள். மாட்டைவிடக் குதிரைக்கு இரணஜன்னி எளிதில் வரும். அதற்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஓட்டுவதாயின் விடியற்காலையில் ஓட்டுங்கள். உப்பும் நல்ல நீரும் எப்போதும் இருக்கட்டும். வெயிலில் ஓடியும் உடம்பு வியர்க்கவில்லையென்றால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

விலங்கின் நோய் விலங்கோடு நின்றுவிடுவதுமில்லை. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பன்றிகளிலிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா வைரஸை, முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். கொசுவுக்குப் புகையடித்தார்கள், அதற்குரிய ஊசியையும் போட்டார்கள். 1999 மார்ச்சில் உண்மைக் கிருமி அடையாளம் காணப்பட்டது. அந்நோய் ஓய்வதற்குள் 105 பேர் மாண்டார்கள். பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அங்கே உண்மை தெரியவே நாளாயிற்று. என் குறிப்பேட்டிலோ தெரிந்த செய்தியே மூன்று வாரம் உறங்கிக் கிடந்தது.

அந்த மாணவன் இன்று வேலைக்குப் போகிறான். தாத்தா காலமாகிவிட்டார். புட்டிப்பால் குடித்த அந்தக் கன்று வளர்ந்து, பல ஈற்றுகள் ஈன்றது. அந்தத் தாளை நான் எறியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு அதை மாற்றி வைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ மாணவனோ இன்று ஒரு காகிதத்தை நீட்டினால், அருள்கூர்ந்து அப்போதே விரித்துப் பாருங்கள்.