பங்குனி ஆமைக்குக் காவல்

நம் கடற்கரை மக்கள் ஒரு கடலாமைக்குப் 'பங்குனி ஆமை' என்று பெயரிட்டுள்ளனர். பங்குனியையொட்டிய மாதங்களில் அது முட்டையிடக் கரையேறுவதால் மாதத்தின் பெயரே அதற்கும் பெயராயிற்று. அறிவியலார் அதனை ஆலிவ் ரிட்லி என்பர். வரும் காலத்தை அறிந்து பெயரிட்டவர்கள், அவ்வுயிரோடு நெடுங்காலம் பழகியவர்களாகவே இருத்தல் வேண்டும்.

சங்கப் புலவர்களும் ஆமையின் வரவை அறிந்திருந்தனர். அகநானூற்று நெய்தற் பாடல் ஒன்றில், பெண் ஆமை மணலுக்குள் மறைத்துவைத்த முட்டைகளைக் குஞ்சுகள் வெளிப்படும்வரை ஆண் ஆமை காத்து நிற்கிறது. வகுப்பறையில் அப்பாடலை நடத்தும்போதெல்லாம் அதன் பரிவு என்னைக் கவர்ந்ததுண்டு. உயிரியல் கூறும் செய்தியோ வேறு. இவ்வினத்தின் ஆண் ஆமை முட்டைகளைத் தேடிக் கரைக்கு வருவதில்லை. பெண் ஆமையும் குழியை மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. புலவர் கண்ட காவலர் இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அவ்விடத்தில் இன்று யார் நிற்கின்றனர் என்பதைச் சென்னைக் கடற்கரையில் கண்டேன்.

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்தம் நண்பர்களும் இக்கரையில் இரவுதோறும் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காக்கத் தொடங்கினர். 1988ஆம் ஆண்டில் மாணவர்களே முன்வந்து கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்றை உருவாக்கினர். அன்று தொடங்கிய நடை, ஆண்டுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர்கிறது. வனத்துறையினரும் தன்னார்வலர்களும் மீனவ இளைஞர்களும் கடலூர், நாகப்பட்டினம் முதலிய பிற கடலோரப் பகுதிகளிலும் இப்பணியை மேற்கொள்கின்றனர்.

மாசி மாத இரவொன்றில், என் பதினொன்றாம் வகுப்பு மாணவர் சிலருடன் அந்நடையில் கலந்துகொண்டேன். கைவிளக்கை ஏற்றக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்பன முதல் விதிகள். வெளிச்சமோ அசைவோ தென்பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். நள்ளிரவு கடந்து நெடுநேரம் நடந்தபின், வண்டிச்சக்கரம் உருண்டதுபோன்ற தடம் ஒன்று மணலில் தெரிந்தது. எங்களை வழிநடத்திய கல்லூரி மாணவி, தடம் முடிந்த இடத்தில் கோலை மெல்ல ஊன்றி மணலின் இளக்கத்தை அறிந்தார். பின்னர் முழங்கை மறையுமளவு கையால் தோண்டினார். மேசைப்பந்து போன்ற வெண்ணிற முட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எண்ணிப் பார்த்தோம், 114 இருந்தன. குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டார். பொரிப்பகத்திலும் அதே அளவில் குழி அமைக்க வேண்டுமாம். முட்டைகளைக் குலுக்காமலும் உருட்டாமலும் சில மணி நேரத்திற்குள் புதைத்துவிட வேண்டும். தாமதமானால் உள்ளே உருவாகும் கரு சிதைந்துவிடும்.

"இவற்றை இங்கேயே விட்டுவிட்டால் என்ன, அக்கா?" என்று என் மாணவன் ஒருவன் வினவினான்.

"விடத்தான் வேண்டும், தம்பி. இந்தக் கரை நல்ல கரையாக இருந்தால் நாங்கள் இவற்றைத் தொடவே மாட்டோம்" என்றார் அவர்.

அவ்விடையில் பொருள் நிறைந்திருந்தது. மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். ஆகவே, இடமாற்றம் எத்துணைக் கவனமாகச் செய்யப்பட்டாலும் அது இயற்கையின் கணக்கில் குறுக்கிடுவதே. எனினும், கரையில் நாய்கள் குழியைத் தோண்டுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், இருண்ட நிலத்தை விட்டு ஒளிரும் கடல்வானை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. நகரில் கடலைவிடத் தெருவிளக்கே மிகுதியாக ஒளிர்கிறது. அதனை நோக்கி ஊர்ந்தவை சாலையில் நசுங்குகின்றன, வெயிலில் உலர்கின்றன. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளையும் நீரில் நேரே விடுவதில்லை. மணலில் விட்டு, அவை தாமே ஊர்ந்து அலையைச் சேரக் காத்திருக்கின்றனர்.

கரையில் காத்தால் மட்டும் போதுமா? 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதன் அருகிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரி. இழுவலையில் சிக்கி நீர்மட்டத்திற்கு வர இயலாதபோது அது மூச்சுத்திணறி இறக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 தன் முதல் அட்டவணையில் இதனைச் சேர்த்து உயர்ந்த பாதுகாப்பு அளித்துள்ளது. வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் உள்ளது. ஆனால், அவ்வழியே மீனும் தப்பிவிடுமோ என்னும் அச்சம் மீனவர்க்கு இருக்கிறது. அன்றாட வருவாயை நம்பி வாழ்வோரின் அச்சத்தைப் புறந்தள்ளிவிட்டு ஆமையைக் காக்க இயலாது. முட்டைகளுக்குக் காவலிருக்கும் மீனவ இளைஞர்களே இரு தரப்புக்கும் பாலமாக அமையத்தக்கவர்கள்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து முதிர்ச்சியடையும் என்று மதிப்பிடுவர். இதனைக் கேட்டபின்னும் என் மாணவர் எவரும் சோர்வடையவில்லை. மறுவாரம், கடலோரக் குடியிருப்பு ஒன்றில் வாழும் மாணவி, தை முதல் சித்திரை வரை தம் மாடி விளக்குகளை இரவில் அணைத்துவைக்க வீட்டாரை இசையச் செய்ததாகக் கூறினாள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பேசிவருவதாகச் சொன்னாள். காவலரின் முயற்சிகள் யாவும் பொரிப்பகமே தேவைப்படாத கரையை நோக்கியவை. அக்கரைக்கு முதலில் வேண்டியது இருள். அதனை அளிப்பது நம்மால் இயலும்.