வெள்ளோட்டமும் தேரோட்டமும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவதென நாம் சற்றே தயங்கினோம். இலக்கியமும் சமயமும் பேசுதற்கு எம்மினும் வல்லார் பழைய மாணவருள் பலர் உளர். நாமோ கணினிக்கு மென்பொருள் ஆக்கிச் சீவனம் நடத்துவோர். ஆதலின், எமது தொழிலில் நாம் பட்டறிந்த ஒன்றையே இங்கு எழுதத் துணிந்தோம். அது, ஒன்றைச் செய்து காட்டுதலுக்கும் அதனைப் பிறர் கையில் ஒப்படைத்தலுக்கும் இடையேயுள்ள தூரம் பற்றியது.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு முதல்நாள், ஒவ்வொரு பரிசோதனையையும் மும்முறை செய்வித்த பின்னரே ஆசிரியர் எம்மை வீட்டுக்குச் செல்லவிடுவார். அப்பழக்கமே பின்னாளில் எமக்குச் சோறிட்டது.

எமது துறையில் செயல்விளக்கத்திற்கு ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. 1968 திசெம்பர் 9 ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில், ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடிய அவையில், டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார் 90 நிமிடம் கணினியை இயக்கிக் காட்டினார். சுட்டியையும், திரையில் எழுத்துகளை வெட்டி இடம்மாற்றுதலையும், தொலைவிலுள்ளாருடன் ஒரே ஆவணத்தில் கூடி உழைத்தலையும் அவையோர் அன்று கண்டனர். கணினியோ ஏறக்குறைய 30 மைல் தொலைவில், மென்லோ பார்க்கில் இருந்தது. ஆயினும், அச்சுட்டி எளியோர் மேசைக்குப் பரவலாக வந்து சேர 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. காட்சிக்கும் பயனுக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது.

தவறிய காட்சியும் உண்டு. 1998 ஏப்ரில் 20 இல், சிக்காகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 உடன் ஒரு வருடியைப் பொருத்தியதும் திரை நீலமாகி நின்றது. அவர் சிரித்து, இதனாற்றான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்னும் கருத்துப்படக் கூறிச் சமாளித்தார். அவையில் நேர்ந்த பிழை நகைப்போடு போயிற்று. நாம் சொல்ல வந்தது நகைப்போடு போகாத ஒரு பிழையை.

சில ஆண்டுகளுக்கு முன், ஊர்ப்புறத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றின் அங்கத்தவர் கணக்குகளுக்கு மென்பொருள் ஆக்கும் பணி எம்மிடம் வந்தது. செயல்விளக்கத்திற்கு நாம் செய்த ஆயத்தத்தில் எக்குறையும் இல்லை. எதற்குப்பின் எதைக் காட்டுவதெனத் தாளில் எழுதி மனனம் செய்தோம். மாதிரியாகப் பத்துப் பெயர்களைப் பதிந்தோம். பின்வரிசையாருக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கினோம். மின்சாரம் போனால் உதவ மின்பிறப்பாக்கி, கணினி பழுதானால் மற்றொரு மடிக்கணினி, அதுவும் தவறினால் காட்டத் திரைப்படங்களின் அச்சுப் பிரதி, யாவும் தயார். ஒத்திகையும் பலமுறை பார்த்தோம். பெயரைத் தட்டியதும் கணக்கு திரையில் தோன்றிற்று. சபையோர் கைதட்டினர். வடையும் தேநீரும் உண்டு வெற்றியோடு மீண்டோம்.

சங்கத்தின் பழைய பட்டியல்களைக் கணினியிலேற்றி ஒப்படைத்த இரண்டாம் வாரம், அங்கத்துவர் ஒருவரின் மனைவி, காலமான தம் கணவரின் சேமிப்பைக் கேட்டு வந்திருக்கிறார். கந்தோரில் அன்று இருந்தவர் புதிதாகச் சேர்ந்த இளைஞர். பெயரைத் தட்டினார். அப்படியொருவர் இல்லையெனத் திரை கூறிற்று. இயந்திரம் பொய் சொல்லாதென்று நம்பிய இளைஞரும் அதையே கூறினார். இரண்டு பேருந்து மாறி வந்த அத்தாயார், தம் கணவர் முப்பது வருடம் கட்டிய காசு இல்லையென்று கேட்டு, வாய்பேசாது திரும்பிப் போனார். மறுநாள் மூத்த இலிகிதர் பழைய பேரேட்டைப் புரட்டி அப்பெயரைக் கண்டுபிடித்து, எம்மை அழைத்தார்.

“தம்பி, அண்டைக்கு நீங்கள் தேடிக் காட்டினது உங்கடை பத்துப் பேரை. எங்கடை ஆக்களை ஒருக்கால் தேடிக் காட்டுங்கோ” என்றார். அதில் கோபமில்லை. அதுவே எம்மைச் சுட்டது.

காரணம் யாதெனில், பட்டியலின் ஒரு பகுதி பாமினி எழுத்துருவிற் பதியப்பட்டிருந்தது. அவ்வெழுத்துருவில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்து. ‘அ’ என நாம் காண்பது கணினிக்கு ‘எம்’ ஆகும். எமது மென்பொருளோ ஒருங்குகுறியில் தேடிற்று. அன்றியும், இராசையா என ஓரிடத்தும் ராசையா என வேறோரிடத்தும் இராஜையா எனப் பிறிதோரிடத்தும் ஒருவர் பெயரே எழுதப்பட்டிருந்தது. எமது பத்து மாதிரிப் பெயர்களும் எமது கையால், ஒரே முறையில் எழுதப்பட்டவை. அவை தவற வழியே இல்லை.

மூன்று கிழமை அவ்விலிகிதர் அருகில் இருந்து பணிசெய்தோம். பட்டியல் முழுவதையும் ஒருங்குகுறிக்கு மாற்றி, பேரேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டோம். பெயரோடு அங்கத்துவ இலக்கத்தாலும் அடையாள அட்டை இலக்கத்தாலும் தேட வழிசெய்தோம். பெயர் அகப்படாவிடின், ‘இல்லை’ எனக் கூறாது, ‘பேரேட்டைப் பார்க்கவும்’ எனத் திரை கூறும்படி மாற்றினோம். மேலும் இரண்டு மாதம் பேரேடும் கணினியும் பக்கத்திற் பக்கமாக நடந்தன. அத்தாயாரிடம் இலிகிதரே நேரிற் சென்று பணத்தைச் சேர்ப்பித்தார். நாமும் உடன் சென்றோம். அவர் எமக்குத் தேநீர் தந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

எமது கோவில்களிற் புதுத்தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுவர். அன்று சுவாமி எழுந்தருளுவதில்லை. அச்சும் சில்லும் வடமும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளவே அவ்வோட்டம். நாமோ வெள்ளோட்டத்தின் ஆரவாரத்தையே தேரோட்டமென மயங்கினோம். அதன்பின், எந்தச் செயல்விளக்கத்திலும் பயன்படுத்துவோரின் உண்மைப் பதிவுகளையே, அவர் இசைவோடு, எடுத்துக்கொள்கிறோம். விசைப்பலகையையும் அவர் கையிலேயே கொடுக்கிறோம். சில வேளை அவைநடுவே பிழை தோன்றும். தோன்றட்டும். அங்கு நாம் நாணுவது, பின்னர் ஒரு தாயார் வெறுங்கையோடு திரும்புவதினும் மேலானது.

இத்துறைக்கு வரவிருக்கும் கல்லூரித் தம்பிமாருக்கு இதுவே எமது காணிக்கை. கைதட்டல் கேட்ட நாளில் வேலை முடிந்ததென எண்ணற்க. நீங்கள் அருகில் இல்லாத ஒரு நாளில், முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்க, உங்கள் ஆக்கம் அவருக்கு உண்மையான விடையைக் கூறுமாயின், அன்றே அது முடிந்தது.